வந்தானா, வந்தாளா: ஒரு தாய்மாமனின் கேள்விக்குப் பதில்

கூடலூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கும் கேள்வி இது. தங்கையின் மகள் கோயம்புத்தூரில் நர்சிங் இரண்டாம் ஆண்டு. பொங்கல் லீவுக்கு முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பேன்ட் சட்டையில் வந்து இறங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் ராத்திரி அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டே, "மாமா, நான் பொண்ணு இல்ல, ட்ரான்ஸ் மேன்" என்று சொல்லிவிட்டார். "எனக்குத் திருநங்கை என்றால் தெரியும். இது திருநங்கையா, திருநம்பியா, ஓரினச்சேர்க்கையா, இல்லை காலேஜ் சகவாசமா? எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு லிஸ்ட் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் தனியாக ஒரு வரி: "வயசுக்கு வந்தப்ப குடிசை கட்டினவனே நான்தான்."

அண்ணா, நீங்கள் கேட்டது லிஸ்ட்தான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளை சொன்ன அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது ஒன்று. அடுத்த லீவுக்கு வரும்போது எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னொன்று. முதலாவதற்கு அரைமணியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று தோன்றுகிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. சமூகப் பணி படித்தவள். நீலகிரியில் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்தில், பதினேழு வருஷமாக ஆலோசகர். டாக்டர் இல்லை. ஹார்மோன், அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டால் என் மேஜையிலிருந்து எழுத்து போகாது, நாளமில்லாச் சுரப்பி மருத்துவருக்குத்தான் சீட்டு போகும். உங்கள் வீட்டுப் பிள்ளையை நான் பார்த்ததும் இல்லை. அதனால்தான் இந்தப் பதில் முழுக்க "பிள்ளை" என்றே எழுதுகிறேன். தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இப்படி ஒரு சொல் கைவசம் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பவை மூன்று வேறு வேறு சங்கதிகள். தான் யார் என்று ஒருவர் உள்ளுக்குள் அறிந்திருப்பது பாலின அடையாளம். அதை உடுப்பு, முடி, நடை, பேச்சு வழியாக வெளியே காட்டுவது பாலின வெளிப்பாடு. யார்மேல் மனம் போகிறது என்பது பாலீர்ப்பு. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்க முடியாது. இவை மூன்றுக்கும் முன்னால் நாலாவதாக உடம்பு இருக்கிறது. பிரசவ அறையில் நர்ஸ் பார்த்து "ஆண்", "பெண்" என்று எழுதுகிறாரே, அது பிறப்பில் குறிக்கப்பட்ட பால். அந்த நேரத்தில் உடலமைப்பு இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காமல் பிறக்கிறவர்கள் ஊடுபால் கொண்டவர்கள், இடைப்பால் என்றும் சொல்வதுண்டு. அது உடலைப் பற்றிய சொல். அதையும் திருநர் என்பதையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், மருத்துவம் படித்தவர்களே குழப்புகிற இடம் அது.

வெளிப்பாட்டைப் பற்றி நம் மலையில் பாடம் நடத்தவே தேவையில்லை. காலை ஏழு மணிக்குப் பச்சைத் தேயிலை பறிக்கப் போகிற அக்காக்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, தலையில் குரங்குக் குல்லா, காலில் ஆம்பளை கம்பூட்ஸ். யாராவது "நீ ஆம்பளையா" என்று கேட்டிருக்கிறோமா? தோடர்களின் பூத்தையல் போர்வையை ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் போர்த்துகிறார்கள். ஆகவே முடி வெட்டியதும் பேன்ட் போட்டதும் உங்கள் பிள்ளை யார் என்பதற்குச் சாட்சி ஆகாது. முடியை வெட்டிக்கொண்டு, கிரிக்கெட் ஆடி, கடைசிவரை தன்னைப் பெண் என்றே உணர்கிற பெண்கள் ஆயிரம் பேர் உண்டு. சாட்சி ஒன்றே ஒன்றுதான்: அடுப்படியில் சொன்ன வாக்கியம்.

அந்த வாக்கியத்தில் இருந்த சொல்லுக்குத் தமிழ், திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு, தன்னை ஆணாக அறிந்தவர். திருநங்கை அதன் மறுபக்கம்: ஆண் என்று எழுதப்பட்டு, தன்னைப் பெண்ணாக அறிந்தவர். இரண்டையும் மாற்றிப் போடாதவர்களை நான் கண்டதில்லை. பயிற்சி வகுப்புகளில் நான் சொல்லும் குறுக்குவழி, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. பஸ்ஸின் முன்கண்ணாடியில் போர்டு "ஊட்டி" என்றுதான் இருக்கும், அது எந்த ஊரில் நிற்கிறது என்று எழுதியிருக்காது. அதுபோலச் சொல்லும் போகிற ஊரைச் சொல்லும். நம்பி என்றால் ஆண், நங்கை என்றால் பெண், இரண்டுமே பழைய தமிழின் மரியாதைச் சொற்கள். (ஒருமுறை வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு திருநம்பி எழுந்து, "மேடம், நான் எங்கேயும் கிளம்பிப் போகல. எப்பவும் ஊட்டியிலதான் இருந்தேன், நீங்கதான் போர்டைத் தப்பா மாட்டினீங்க" என்றார். அன்றிலிருந்து உதாரணத்தோடு அவர் சொன்னதையும் சேர்த்தே சொல்கிறேன்.)

இருவரையும், இரண்டிலும் அடங்காதவர்களையும் சேர்த்துச் சொல்லத் திருநர் என்ற பொதுச்சொல் இருக்கிறது. ஆண், பெண் இரண்டும் தனக்குப் பொருந்தவில்லை என்பவர்கள் நான்-பைனரி என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறார்கள். பிறந்தபோது எழுதியதோடு மனமும் ஒத்துப்போகிற உங்களையும் என்னையும் போன்றவர்களுக்கு சிஸ்ஜெண்டர் என்று பெயர். சிலர் அதைத் திட்டு என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். வலக்கைக்காரர் என்பது திட்டு என்றால்தான் இதுவும் திட்டு. பால்புதுமையர் என்பது இன்னும் பெரிய குடை, தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் அதற்குள் வருவார்கள். ஓரினச்சேர்க்கை என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அது ஒரு செயலைக் குறிக்கிறது, ஆளையோ அன்பையோ குறிக்கவில்லை. அதோடு, உங்கள் பிள்ளை யாரை விரும்புகிறார் என்று உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. ஒரு திருநம்பி ஒரு பெண்ணை விரும்பினால், அது ஓர் ஆண் பெண்ணை விரும்புவதுதான்.

கூடாதவை உங்களுக்கே தெரியும். அலி, ஒம்போது, பேடி, இவற்றை நான் விளக்கப் போவதில்லை. அரவாணி கொஞ்சம் வேறு. உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிற சடங்கிலிருந்து, அரவானின் மனைவி என்ற பொருளில் வந்தது. ஒரு காலத்தில் அதுதான் மரியாதைச் சொல். கலைஞர் ஆட்சியில் 2008 ஏப்ரல் 15 அன்று இவர்களுக்கென நலவாரியம் அமைக்கப்பட்ட காலத்தை ஒட்டித் திருநங்கை என்பது அரசு வழக்கிலும் பத்திரிகைகளிலும் பரவி, அரவாணியைப் பின்னுக்குத் தள்ளியது. மூத்தவர்கள் சிலர் இன்னும் தங்களை அரவாணி என்றே சொல்கிறார்கள், அது அவர்கள் உரிமை. கோத்தி (ஆண் என்று எழுதப்பட்டு, பெண்மை நளினம் கொண்டவர்), ஜமாத், நிர்வாணம் (ஆணுறுப்பை அகற்றிக்கொள்வது) போன்றவை உள்வீட்டுச் சொற்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்களாக எடுத்துப் புழங்காதீர்கள். ஜமாத் என்ற அந்த அமைப்பு, குருவும் மகளுமாக, திருநங்கைகளுக்கு ஒரு மாற்றுக் குடும்பம் மாதிரி. திருநம்பிகளுக்குப் பரம்பரையாக அப்படி ஒன்று அமையவில்லை. வீட்டைவிட்டு வந்தால் போய் நிற்கத் திண்ணை கிடையாது. உங்கள் பிள்ளை மாமாவிடம் வந்து சொல்லியிருக்கிறார் என்பதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் பாலினம் என்ற சொல் சட்டத்தாள்களில் வரும். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கு) தீர்ப்பில் இருப்பது. தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை ஒருவருக்கு உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது. ஆனால் நேரில் இந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்குச் சுருக்கென்று குத்தும். "மூணாவது யாரு? நான் ஆம்பளைங்க மேடம்" என்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னவர்கள் உண்டு. படிவத்தில் வேறு வழியில்லாமல் அதே கட்டத்தில் டிக் போட்டவர்களும் அவர்கள்தான்.

பெயர்ச்சொல் விஷயம் இவ்வளவுதான். தமிழில் உண்மையான தலைவலி வினைச்சொல்லில் இருக்கிறது. இங்கிலீஷ்காரருக்கு ஒரு சின்னச் சொல்லை மாற்றினால் வேலை முடிந்தது. நமக்கு ஒவ்வொரு வாக்கியமும் ஆனிலோ ஆளிலோ போய் முடிகிறது. வந்தான், சாப்பிட்டாள், தூங்குறான், கிளம்பிட்டா. ஒரு நாளைக்கு நூறு முறை வாய் தடுக்கும். இதில் நம் ஆட்கள் கண்டுபிடித்த மிக மோசமான தப்பிப்பு, "அது". "அது வந்துச்சு, அது போச்சு." கைக்குழந்தையை "தூங்குது" என்று சொல்வதில் கொஞ்சல் இருக்கிறது, இருபது வயது ஆளைச் சொன்னால் மாட்டுத் தொழுவத்தில் கட்டுவது மாதிரி. தொல்காப்பியர்கூட இப்படிப்பட்டவர்களை உயர்திணைக்குள் வைத்துத்தான் இலக்கணம் சொன்னார்: தனியாக ஓர் ஈறு கிடையாது, ஆணுக்கோ பெண்ணுக்கோ உரிய உயர்திணை முடிவையே பெறுவார்கள் என்று. திணையை இறக்கியது அவருக்குப் பின்னால் வந்த நாம். நம் பக்கத்திலேயே இருக்கும் தோடர் மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல். பொறாமையாக இருக்கும் எனக்கு.

நமக்கும் கைவசம் மருந்து இல்லாமல் இல்லை. மலையிலும் கொங்கிலும் "ங்க" போடாமல் வாக்கியம் முடியாது. வந்தாங்க, சாப்பிட்டாங்க என்று சொல்லிப் பழகுங்கள், மரியாதையும் கெடாது, ஆணா பெண்ணா என்பதும் வெளியே வராது. நேரில் கூப்பிட "சாமி", "கண்ணு", "தங்கம்" இருக்கின்றன. "சாமி, ஒரு வாய் காப்பி குடி" என்பதில் ஆணா பெண்ணா எங்கே இருக்கிறது? ஆனால் இதெல்லாம் தற்காலிக முட்டுக்கொடுப்பு. பிள்ளை "என்னை தம்பின்னு கூப்பிடுங்க, வந்தான் போனான்னு சொல்லுங்க" என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும். "ங்க"வுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஐந்து வருஷம் ஓட்டிய ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். மகன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். "எங்கப்பா எனக்குத் தர்ற மரியாதை, என்னை மகன்னு சொல்லாம இருக்கறதுக்குத்தான் மேடம்" என்றான்.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம். ஜூலை மழை, வராண்டா முழுக்க ஈரக் குடை, பெஞ்சில் முப்பது பேர். ஓர் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. சீட்டில் அவருடைய பழைய ஆண் பெயர். இரண்டு முறை கூப்பிட்டேன், யாரும் எழவில்லை. எனக்கு ஆளைத் தெரியும், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம், புதிதாகக் கற்ற நல்ல சொல்லைப் பயன்படுத்தும் பெருமை வேறு. வாசலில் நின்று, "திருநங்கை அம்மா, நீங்க வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். சரியான சொல்தான், மரியாதையான குரல்தான். அவர் ஒரு எஸ்டேட்டில் இலை பறித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த லயத்துப் பெண்களுக்கு அதுவரை எதுவும் தெரியாது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். மறுபடி வர நாலு மாதம் ஆயிற்று, வந்தபோது அந்த எஸ்டேட்டில் இல்லை. ஒருவர் யார் என்பதை யாரிடம் எப்போது சொல்வது என்பதும் அவருடைய கையில்தான் இருக்க வேண்டும். அதனால் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "நம்ம பிள்ளை திருநம்பி, எல்லாரும் ஏத்துக்கணும்" என்று பாசத்தோடு போட்டுவிடாதீர்கள். சடங்கு போட்டோவையும் கேட்காமல் போடாதீர்கள். யாருக்குத் தெரியலாம், உங்கள் தங்கைக்குத் தெரியுமா என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள்.

"காலேஜ் சகவாசமா" என்று கேட்டீர்கள். இது நோயா என்பதற்குப் பதில் உறுதி: இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய்களிலிருந்து எடுத்துவிட்டது. உடம்புக்கும் அடையாளத்துக்கும் ஒத்துப்போகாததால் வருகிற உளைச்சல் வேறு, அது சிலருக்குக் கடுமையாக இருக்கும், அதற்கு உதவி உண்டு. மந்திரிப்பது, ஷாக் கொடுப்பது, கல்யாணம் பண்ணி வைப்பது எதுவும் யாரையும் மாற்றியதில்லை, உடைத்திருக்கிறது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி மாற்றும் முயற்சிகளுக்குத் தடை போட்டது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான் தமிழக அரசு 2022-ல் இந்தச் சொற்களுக்கு ஒரு சொற்களஞ்சியத்தை அரசிதழில் வெளியிட்டது. நீதிபதியே பாடம் கேட்ட விஷயத்தில் உங்களுக்குக் குழப்பம் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி உறுதி இல்லாதவை. ஏன் சிலருக்கு இப்படி அமைகிறது என்பதற்கு அறிவியலில் முடிந்த முடிவு கிடையாது. வளர்ப்பா, கருவிலா, மரபிலா என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரை நம்ப வேண்டாம். உங்கள் தங்கையையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். பிள்ளை இன்று சொல்லும் அதே சொல்லை ஐந்து வருஷம் கழித்தும் வைத்திருப்பாரா என்றும் என்னால் உத்தரவாதம் தர முடியாது. சொல்லை மாற்றிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மாற்றாமலே நாற்பது வயதைத் தாண்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்வதை இன்றைக்கு நம்புவதால் உங்களுக்கு எதுவும் நஷ்டமில்லை. தமிழ்ச் சொற்களிலும் எது நிலைக்கும் என்று சொல்ல முடியாது. திருநர் என்பதற்கு என் பேச்சிலேயே இப்போதுதான் நாக்கு பழகியிருக்கிறது.

சான்றிதழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நர்சிங் கவுன்சில் பதிவு வரும்போது பெயர்ப் பிரச்சினை வரும். திருநர் உரிமைப் பாதுகாப்புக்காக 2019-ல் வந்த மத்தியச் சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் பெறும் முறையைக் கொண்டுவந்தது. சட்டமும் விதிகளும் திருத்தப்படுகிறவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் என்ன நடப்பில் இருக்கிறது என்று 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணில் கேட்டுக்கொண்டு போங்கள். மனசு சரியில்லை என்றால் பிள்ளைக்கும் உங்களுக்கும் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். இன்னொன்று: நெஞ்சை மறைக்கக் கிரேப் பேண்டேஜைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிற பழக்கம் திருநம்பிப் பிள்ளைகளிடம் உண்டு. மூச்சுக்கும் விலா எலும்புக்கும் கெடுதல். நர்சிங் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் தெரிந்தே செய்வார்கள். அதற்கென்றே தைத்த பைண்டர் கிடைக்கிறது, அதையும் ராத்திரி கழற்றி வைக்க வேண்டும். மாமாவாக நீங்கள் இதைப் பேச வேண்டாம், அத்தையிடம் சொல்லுங்கள். "ஆபரேஷன் பண்ணப் போறியா" என்று மட்டும் இருவருமே கேட்காதீர்கள். உங்களிடம் யாரும் வேட்டிக்குள் என்ன என்று விசாரிப்பதில்லை.

முறை விஷயம் ஒன்று. உங்களுக்கு ஒரு மகன் இருந்து, "மாமன் மகனுக்குத்தான்" என்று யாராவது சின்ன வயதிலிருந்து பேசி வைத்திருந்தால், அந்தப் பேச்சை நீங்களே முதல் ஆளாக நிறுத்துங்கள். மற்றவர்கள் சொல்லும்போது பிள்ளையால் பதில் சொல்ல முடியாது, உங்களால் முடியும்.

பிறகு அந்தக் குடிசை. பச்சை ஓலை வெட்டி, சீர்த்தட்டு எடுத்து, ஊரைக் கூட்டி நீங்கள் செய்தது பொய்யாகிவிட்டதா என்பதுதானே அந்தக் கடைசி வரி? செய்தபோது உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவு. அந்த நாளைப் பற்றிப் பிள்ளையின் மனதில் இருப்பது வேறாக இருக்கலாம். அன்று உள்ளுக்குள் செத்துப்போனேன் என்று சொன்னவர்கள் உண்டு, மாமா வாங்கித் தந்த பட்டுப்பாவாடை பிடிக்கவில்லை, மாமாவைப் பிடித்தது என்று சொன்னவர்களும் உண்டு. எது என்று நானும் நீங்களும் ஊகிக்க வேண்டாம். என்றாவது அவராகச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களுக்கு அழுகை வந்தால் அழுதுகொள்ளலாம், மருமகள் என்று இத்தனை வருஷம் கூப்பிட்ட வாய்க்கு மருமகன் என்று மாற நாள் பிடிக்கும். தவறிவிட்டால் "மன்னிச்சுக்க சாமி" என்று ஒரு சொல், அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். பத்து நிமிஷம் மன்னிப்புக் கேட்டால் பிள்ளைதான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். பிள்ளைக்கு நீங்கள் எல்லாரும் வைத்த பெயர் அதில் இரண்டு இடத்தில் வருகிறது, அதை நான் இங்கே எடுத்து எழுதவில்லை. அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் எங்கும் இல்லை. அவர் சொல்லவில்லையா, நீங்கள் கேட்கவில்லையா? கேட்கவில்லை என்றால், அடுத்த லீவுக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஜீப்பில் ஏற்றியதும் கேளுங்கள். பைக்காரா தாண்டி நடுவட்டம் இறக்கம் முடியும் வரை அந்தப் பெயரை நாலு தடவை சொல்லிப் பழக நேரம் இருக்கும்.